உள்ளறைக்குப் போகும் வழி

குடிவரவு அதிகாரிகள் மூவர் கதவைத் தள்ளித் திறந்தபோது அந்தச் சிறிய கூடத்தில் நாற்பது பேர் நெருக்கியடித்துத் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் தேடி வந்த பரஞ்சோதி உள்ளறையில் இருந்தான். எங்களில் பாதிப் பேருக்கு அவனைப் பிடிக்காது. ஆனாலும் ஒருவர்கூட முழங்காலை மடக்கி வழி விடவில்லை. அதிகாரிகளோடு வந்த மொழிபெயர்ப்பாளன் எங்கள் ஆள்தான். சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தான்; அவர்கள் கழற்றவில்லை.

“என்னக்கா விசேஷம்?” என்று முன்னால் இருந்த பத்மலோஜினியிடம் கேட்டான்.

“செத்த வீடு.”

“ஆர் செத்தது?”

“இன்னும் சாகேல்லை. நீங்கள் பரஞ்சோதியை ஊருக்குத் திருப்பி அனுப்பினா அங்க கொல்லுவாங்கள். பிறகு எங்களுக்கு உடம்பும் கிடைக்காது. அதுதான் இப்பவே வந்து இருக்கிறம். உன்ர துரைமாருக்குச் சொல்லு, ராசா.”

“வடிவாச் சொல்லு, அதுக்குத்தானே சம்பளம்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தோம்.

அவள் என்ன சொன்னாள் என்று மூத்த அதிகாரி கேட்டார். மொழிபெயர்ப்பாளன் தன் வெறுங்கால்களைக் குனிந்து பார்த்தான். அதிகாரி இன்னும் உரத்துக் கேட்டார். பத்மலோஜினி அரை அடி ஒதுங்கி, அவனுக்கு மட்டும் உட்கார இடம் விட்டாள்.