துறைமுகத்தில் பட்ட அடி

பெட்டியைத் திறந்த லோகேஸ்வரன், அது தன் அப்பாவின் கைக்கடிகாரம் இல்லை என்றுதான் முதலில் நினைத்தான்.

பளபளவென்று இருந்தது. நேற்றுக் கடையில் வாங்கியது போல.

எடுத்துத் திருப்பினான். பின்மூடியில் அப்பா பெயரின் முதலெழுத்து அப்படியே இருந்தது. ஆனால் விளிம்பில், தோல்வார் சேரும் இடத்தில் இருந்த ஆழமான வெட்டைக் காணோம். யாரோ அரம் போட்டு ராவி, மழமழவென்று தேய்த்து வைத்திருந்தார்கள்.

அவனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

“சாந்தினி!”

அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள் அவன் மனைவி.

“யாரக் கேட்டு இதக் கடையில குடுத்த?”

“நான் தொடவே இல்லைங்க.”

“பொய் சொல்லாத! புளி போட்டு வெளக்குறதுக்கு இது என்ன குத்துவெளக்கா?”

அவன் நிறுத்தவில்லை. அவள் படிப்பை இழுத்தான், அவள் பிறந்த வீட்டை இழுத்தான். பக்கத்து வீட்டில் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சூலியா ஸ்திரீட் காப்பிக்கடை ஒன்றில் பழைய கைக்கடிகாரம் சேர்ப்பவர்கள் கூடுவார்கள். ஆளுக்கொரு பழசைக் கட்டிக்கொண்டு வருவார்கள். லோகேஸ்வரனிடம் இதைவிட அரிதானவை இருந்தன. ஆனால் இதைக் கட்டிக்கொண்டு போகிற நாளில்தான் மேசை முழுவதும் அவன் பக்கம் திரும்பும்.

அப்பா கார்த்திகேசு துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். ஒருநாள் சங்கிலி அறுந்து, இரும்புக் கொக்கி ஆடிக்கொண்டு வந்ததாம். கூட நின்றவனைத் தள்ளிவிட்டு, அவர் தன் கையைக் குறுக்கே கொடுத்தாராம். அடியைக் கடிகாரம் வாங்கிக்கொண்டதாம்.

அந்த வெட்டின்மேல் கட்டைவிரலை வைத்துத்தான் லோகேஸ்வரன் கதையை ஆரம்பிப்பான்.

பழசைத் தேய்க்கக் கூடாது. கீறலோ கறையோ, காலம் கொடுத்ததைக் காலத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். காப்பிக்கடை மேசையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம் அது. அந்தச் சட்டத்தைத் தன் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி ராவித் தள்ளிவிட்டாள்.

கைப்பேசி அடித்தது. காப்பிக்கடைக் கூட்டாளி இத்ரீஸ், எங்கே இன்னும் காணோம் என்று கேட்பதற்கு. அவன் எடுக்கவில்லை.

“அவள ஏன்டா ஏசுற? நான்தான் குடுத்தேன்.”

அம்மா நல்லம்மாள் தன் அறை வாசலில் நின்றாள்.

அவன் அம்மாவைப் பார்த்தான். காதில் விழுந்தது மூளைக்குப் போகவில்லை.

“கொம்தார் கட்டடத்துப் பக்கத்துல நீ வழக்கமா போற கடிகாரக் கடை,” என்றாள் அவள். “அந்த வெட்ட எடுத்துடுங்கன்னேன். வேணாம்மா, மகன் ஏசுவாருன்னாரு கடைக்காரரு. பரவால்ல எடுங்கன்னு சொல்லிட்டு, முடியிற வரைக்கும் அங்கேயே நின்னேன்.”

மனைவியிடம் கத்தியது போதாது போலிருந்தது. இப்போது இன்னும் உரக்கக் கத்தினான்.

“அவரு முகம்கூட எனக்குச் சரியா ஞாபகம் இல்லம்மா! எனக்குன்னு இருந்தது இது ஒன்னுதான்! என்ன செஞ்சு வச்சிருக்கேன்னு உனக்குத் தெரியுதா?”

கடிகாரத்தை வெடுக்கென்று மணிக்கட்டில் மாட்டினான்.

“பாரு! நல்லாப் பாரு!”

ராவிய இடத்தை அவள் கண்ணுக்கு நேராகக் காட்டக் கையை உயர்த்தினான்.

நல்லம்மாளின் கை பறந்து வந்து முகத்தை மறைத்தது.

தலை குனிந்தது. தோள் திரும்பியது. முதுகு கதவு நிலையில் போய் ஒட்டிக்கொண்டது. மூட்டுவலியில் நாற்காலியைப் பிடித்து எழுந்திருக்கிறவள். அவளிடம் இப்படி ஒரு வேகத்தை அவன் பார்த்ததே இல்லை.



உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றது. முழங்கை இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். அவனை இல்லை. கடிகாரத்தை.

அவன் கையை இறக்கிய பிறகுதான் அவளும் இறக்கினாள். தன் கையையே, அது வேறு யாருடையதோ என்பதுபோல முறைத்தாள். அந்த முகத்தில் வந்த கோபத்துக்கு முன்னால் இவ்வளவு நேரம் இவன் கத்தியது ஒன்றுமில்லை.

“ஆளு செத்து எத்தன வருசம் ஆச்சு. இந்தச் சனியன் புடிச்ச கைக்கு இன்னும் தெரியல பாரு!”

சாந்தினி மெல்ல வந்து மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“அந்தக் கொக்கி…” என்றான் லோகேஸ்வரன்.

“கொக்கியும் இல்ல, சங்கிலியும் இல்ல. நீ சின்னப் புள்ள. இது என்ன, இது என்னன்னு நச்சரிச்ச. வாயில வந்தத சொன்னேன். அத நீ ஊரு பூரா கொண்டு போவேன்னு கண்டேனா? போன வாரம் உன் கூட்டாளிங்கள உக்கார வச்சி, என்னையே கூப்புட்டு அந்தக் கதைய சொல்லச் சொன்ன. சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க.”

அவள் மூச்சு வாங்கினாள்.

“அதுக்கு மேல என்னால முடியலடா.”

லோகேஸ்வரன் கடிகாரத்தைக் கழற்றப் பார்த்தான். வாரின் கொக்கி விரலுக்குச் சிக்கவில்லை. இழுத்தான். மறுபடியும் இழுத்தான். கடைசியில் சாந்தினிதான் கழற்றினாள். அவளை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“அப்ப… அந்த அடி எங்க பட்டுச்சும்மா?”

நல்லம்மாள் அறைக்குள் போகத் திரும்பியிருந்தாள். நின்றாள்.

“பழைய வீட்டு இரும்புக் கதவுல. அன்னிக்கு ஒருநாள்தான் நான் வெலகிக்கிட்டேன்.”