கண்ணுக்குக் கசரத்து

மகளின் வலது கண்ணை இறுகக் கட்டியிருந்த துணியைப் பிடுங்கி எறிந்தார் வேதாசலம். அதே கையால் மனைவி ஜெயம்மாவின் கன்னத்தில் விட்டார் ஒரு அறை. உதடு கிழிந்து ரவிக்கையில் ரத்தம் சொட்டியது.

"பெத்தவளாடி நீ? நல்லா தெரியற கண்ணப் போய் கட்டி வச்சிகினு கீறியே, கொயந்தைய குருடாக்கவா?"

"டாக்டர்தாங்க சொன்னாரு" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள் ஜெயம்மா. "இடது கண்ணு சோம்பிப் போச்சாம். நல்ல கண்ண தினம் ரெண்டு மணி நேரம் கட்டிட்டு, அதுக்கு ஆறு மாசம் பயிற்சி குடுக்கணுமாம். இப்ப வுட்டா அந்தக் கண்ணு போயே பூடுமாம்."

"பள்ளிக்கூட வாத்தியாரே நம்ம பொண்ணப் பாத்து மலைச்சிப் போறான். இவ கண்ணுக்கு கசரத்தா?"

அது என்னவோ நிஜம். ஏழு வயசு பத்மா எதையும் ஒருதரம் கேட்டால் போதும், பதினாறாம் வாய்ப்பாட்டைக்கூடத் தலைகீழாகச் சொல்வாள். பத்திரத்தில் கைநாட்டு வைக்கும் வேதாசலத்துக்கு அதில் தாங்க முடியாத கர்வம். கர்வப்படட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? அதற்காகப் பெண்டாட்டியின் உதட்டைக் கிழிப்பானேன்?

அன்றைக்கே கிருத்திகை. இருவரையும் தரதரவென்று திருத்தணிக்கு இழுத்து வந்தார். கிருத்திகைக்குக் கிருத்திகை மதராஸ் ரயிலில் வந்து, சத்திரத்தில் கண் பார்ப்பவர் அந்த டாக்டர். ஊர் சித்தூர் ஜில்லாவில் இருந்த காலம், வரிசையில் தமிழும் தெலுங்கும் கலந்தே நின்றன. ஐந்தாறு பேர் சுவரில் தொங்கிய அட்டையை உரக்கப் படித்துவிட்டுப் போனார்கள். இவர்களுக்கு முன்னால் நின்ற நகரிக் கிழவருக்காகக் கம்பவுண்டர் முனியன் அட்டையைத் திருப்பி மாட்டினான். அவரும் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்துவிட்டு நகர்ந்தார்.

"மெதுவா வாங்கய்யா" என்று தடுத்த முனியனை வேதாசலம் எட்டி உதைத்தார். மேஜை சாய்ந்து மருந்துப் புட்டிகள் நொறுங்கின.

"டாக்டரே! என் பொண்ணு இடது கண்ணால அட்டைய படிச்சிட்டா, கசரத்துப் பேச்ச இத்தோட வுட்டுடணும். ஆங்?"

"சரிங்க" என்றார் டாக்டர்.

பத்மா அம்மாவின் வீங்கிய உதட்டைப் பார்த்தாள். அடுத்த அடி விழாமல் இருக்க வேண்டுமே என்றிருந்தது அவளுக்கு. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"ட, ப, க, ம, ர, ய..."

மூச்சு விடாமல் கடைசி வரி வரை சொல்லி முடித்துவிட்டாள்.

"கேட்டியாடி?" வேதாசலம் ஜெயம்மாவின் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். மறு கையால் டாக்டரின் சட்டையைக் கொத்தாகப் பற்றினார். "ஒரு எழுத்தாவது தப்பாய்யா? சொல்லு!"

டாக்டர் அந்தக் கையை விலக்கவில்லை. அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தமிழ் எழுத்து அத்தனையும் சரியா சொல்லிட்டா. ஆனா, இப்ப தொங்கறது தெலுங்குப் பக்கங்க."