அச்சேறாத தீர்ப்பு

"இந்த விஷயத்துல வேற ஏதாவது தீர்ப்பு இருக்கா, சீனியர்?" என்று நடுவர் கேட்டார்.

இருக்கிறது. ஒன்றே ஒன்று. அதை வாங்கியவனே நான்தான்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஜெயித்த வழக்கு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது அச்சேறவில்லை. அதனால் நானே அச்சகமாக இருந்து பரப்பி வந்தேன். கல்யாண மண்டபங்களில் சொல்லியிருக்கிறேன். பல் டாக்டர் வாய்க்குள் கருவியை விட்ட பிறகும் மிச்சத்தைச் சொல்லி முடித்திருக்கிறேன். என் மனைவி அதன் நான்காம் பத்தியைத் தூக்கத்தில் ஒப்பிப்பாள். தப்பு வந்தால் எழுப்பித் திருத்துவேன்.

சிக்கல் என்னவென்றால், அன்றைக்கு நான் நின்றது அந்தப் பக்கம். இன்றைக்கு இந்தப் பக்கம்.

இது கோர்ட் இல்லை. வியாபாரத் தகராறுக்காரர்கள் தாங்களே ஒரு நடுவரைப் பிடித்து, பதினான்காவது மாடியில் ஓர் அறை எடுத்து வழக்காடும் இடம். கண்ணாடிக் கிண்ணத்தில் மிட்டாய் உண்டு. மேல்முறையீடு அநேகமாகக் கிடையாது.

எதிரே சுவரோரம், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு குளிர்பதனக் கிடங்கு நடத்துகிறார். என் கட்சிக்காரக் கம்பெனி அவருக்கு விற்ற இயந்திரம் இரண்டாவது வாரமே படுத்துவிட்டது. பழுதை முப்பது நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர் எழுதியது முப்பத்து மூன்றாம் நாள். அதுவரை கம்பெனி மெக்கானிக் தினமும் வந்து, "சரியாயிடும்மா" என்று தேற்றிக்கொண்டிருந்தான்.

மூன்று நாள் பிந்தினால் உரிமையே போச்சு என்று காலையிலிருந்து உருகி உருகி வாதாடிக்கொண்டிருந்தேன். அது எடுபட்டால் அந்த அம்மாள் கிடங்கைப் பூட்ட வேண்டியதுதான்.

விற்றவனே தேற்றிக்கொண்டிருந்தால், பிறகு தாமதத்தைக் காரணம் காட்டித் தப்ப முடியாது என்பது அந்தப் பழைய தீர்ப்பு.

அம்மாளின் வக்கீலுக்கு அது தெரியாது. நல்ல மனிதர். கடும் ஜலதோஷம். மூக்கைத் துடைக்கவே அவருக்குப் பொழுது சரியாக இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு கிறுக்கு விதி உண்டு. நமக்கு எதிரான தீர்ப்பு ஒன்று நமக்குத் தெரிந்து, எதிராளிக்குத் தெரியாவிட்டால், நாமே எடுத்து நீட்ட வேண்டும். சீட்டாட்டத்தில் எதிராளி கையில் ஜோக்கரைத் திணிப்பது மாதிரி. நாற்பத்தைந்து வருஷமாக நீட்டியிருக்கிறேன். தோற்றும் இருக்கிறேன். அதனால்தான் நான் "இல்லை" என்றால் எந்த நடுவரும் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

மேஜைமேல் ஒரு திரை. மூலையில் ஒரு பெண் தட்டத் தட்ட, நாங்கள் பேசுவது இரண்டே விநாடியில் அதில் எழுத்தாக ஓடும். நடுவரின் கேள்வி அதில் நின்றது. அடுத்த வரியில் என் பெயர். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு துடித்துக்கொண்டிருந்தது.

என் ஜூனியர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. எங்கள் தொழிலில் அது தவழும் பருவம்.

"தண்ணி குடிங்க சார். யோசிக்கிற மாதிரி தெரியும்."

குடித்தேன். நான் குடித்து முடிப்பதற்குள் அந்த இயந்திரத்தைக் கழற்றி, துடைத்து, வேறு கண்டத்துக்கே அனுப்பியிருக்கலாம்.

பின்னால் கம்பெனியின் சட்ட அதிகாரி இருமினார். முதல் சந்திப்பிலேயே அவரிடம் அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லித் தொலைத்திருந்தேன். "அவங்களுக்கே தெரியலைன்னா நமக்கென்ன சார்?" என்று நேற்று கேட்டவர் அவர். இன்றைக்கு இருமலோடு நிறுத்திக்கொண்டார். ஜலதோஷம் அந்தப் பக்கம், இருமல் இந்தப் பக்கம்.

அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. ரிப்போர்ட்டைப் படிக்கும் டாக்டரின் முகத்தை நோயாளி பார்ப்பாரே, அப்படி.

"எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க ஐயா," என்றேன்.

இரண்டு விநாடி கழித்துத் திரையும் அதையே சொன்னது. ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

நடுவர் குறித்துக்கொண்டார். பத்து நிமிஷம் இடைவேளை.

எழுந்து போகும்போது அம்மாள் தன் வக்கீலிடம் கேட்டது காதில் விழுந்தது. "அவரே இல்லைன்னுட்டாரே, அது நமக்கு நல்லதாங்க?"

"நல்லதுதாம்மா. நமக்கு எதிரா எதுவும் இல்லைன்னு அர்த்தம்," என்று அவர் மூக்கை உறிஞ்சினார்.

கழிவறையில் தேவைக்கு மேல் கை கழுவினேன். பக்கத்துக் குழாய்க்கு நடுவர் வந்தார். வழக்கைப் பற்றி நடுவரோடு வெளியே பேசக் கூடாது. வெயிலைப் பற்றிப் பேசலாம். நான் வெயிலை எடுத்தேன்.

அவர் எடுக்கவில்லை.

"உங்க வாயால இல்லைன்னு வரணும்னுதான் கேட்டேன், சீனியர். இனி நான் தைரியமா எழுதலாம்."

குழாயை மூட மறந்து நின்றேன்.

"அது தப்பான தீர்ப்பு சார். இருபத்தெட்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன். வீட்லகூட ஒருத்தரும் காதுல வாங்கறதில்ல."

கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். மனதுக்குள் அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். வழுக்கையில் கொஞ்சம் முடியை நட்டேன். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் தோற்றுப்போய், எதிர் மேஜையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த வக்கீல் கிடைத்துவிட்டார்.

அவர் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"நீங்க முன்னாடி போங்க சார். அன்னைக்கும் நீங்கதானே முன்னாடி போனீங்க."

போனேன்.