காப்புக்காடு

கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்குவதற்கு ஒரு காட்டைத் தேர்ந்தெடுக்க வனத்துறை அலுவலகத்துக்குப் போயிருந்தோம். "லைட்டும் கக்கூசும் கட்டிவச்ச காடு எனக்கு வேண்டாம்" என்று என் மனைவி அமலி முதலிலேயே சொல்லிவிட்டாள். லைசென்ஸ் உள்ள என் துப்பாக்கியை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டேன். எழுத்தர் சுவரில் இருந்த வரைபடத்தில் விரலை வைத்தார்.

"இது காப்புக்காடு சார். புலி, கரடி எல்லாம் உண்டு. துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது."

"அப்போ எங்களுக்கு என்ன காப்பு?"

"காப்பு காட்டுக்குத்தான் சார்."

விரல் கீழே இறங்கியது. "துப்பாக்கியோட தங்கணும்னா இந்தக் காடுதான். இங்கே மிருகமே கிடையாது. ஒரு முயல்கூட இல்லை."

மிருகமே இல்லாத காட்டில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எழுத்தர் பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பினார். அந்தக் காட்டில் ஏற்கெனவே மூன்று குடும்பங்கள் தங்கியிருந்தன. துப்பாக்கி எதற்கு என்ற கட்டத்தில் மூன்று குடும்பத்தாரும் ஒரே சொல்லை எழுதியிருந்தார்கள். பாதுகாப்பு.

"யார்கிட்டேருந்து?" என்று கேட்டாள் அமலி.

எழுத்தர் பேனாவை என்னிடம் நீட்டிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். "கையெழுத்துப் போடுங்க சார். இன்னொருத்தர் துப்பாக்கியோட வர்றார்னு அவங்களுக்குச் சொல்லணும். அது விதி."

அந்த மூன்று சொற்களுக்குக் கீழே எனக்கான நான்காவது கட்டம் காலியாக இருந்தது. எழுத வேறு சொல் எதுவும் தோன்றவில்லை.