அப்பா பேரில் சிவப்புக் கோடு

"தாலாய்! எங்கப்பா பேரை எதுக்குடா அழிச்சே?"

நாரின் நகரத்தின் அந்தச் சின்னப் பத்திரிகை ஆபீஸ் கிடுகிடுத்தது. கத்தியவர் ஆசிரியர் அஸ்கத். அவருடைய அப்பா, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஜூமாதிலுக்கு நாளைக்கு எண்பதாவது பிறந்தநாள் விருந்து. அதற்காக அஸ்கத்தே உட்கார்ந்து ஒரு வாழ்த்து மலர் எழுதியிருந்தார்.

கம்ப்யூட்டரில் திறந்தால், 'ஜூமாதில்' என்று வருகிற இடமெல்லாம் சிவப்புக் கோடு. பக்கத்தில் 'பெரியவர்' என்று திருத்தம்.

"நான் தொடவே இல்லைண்ணே" என்றான் புரூஃப் பார்க்கிற தாலாய்.

"பெரியவராம், பெரியவர்! ரோட்டுல போற கிழவனா எங்கப்பா? பத்தாவதுல உன்னை ஃபெயில் போட்டாருல்ல, அந்தக் கடுப்பு!"

"அப்புறம் வீட்டுக்கே கூப்பிட்டு கணக்கு சொல்லிக்கொடுத்ததும் அவருதாண்ணே."

"கதை விடாதே. இதைப் படிச்சது நான், நீ, என் பொண்டாட்டி சல்கின். அவளுக்கு மாமனார்னா உசிரு. மிச்சம் யாரு? நாளையிலேருந்து நீ வர வேணாம்!"

தாலாய்க்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் போய் என்ன சொல்வான்?

கம்ப்யூட்டர் பார்க்கும் எர்மெக் குறுக்கே வந்தான். "இருங்கண்ணே. யார் திருத்தினாங்கன்னு பேரு காட்டணுமே. இதுல எல்லாத்துலயும் மொட்டையா 'எழுதியவர்'னுல்ல நிக்குது?"

நாலு இடத்தில் தட்டிப் பார்த்தான்.

"அதான் பார்த்தேன்! சேமிக்கும்போது ஆள் பேரைத் துடைச்சிடுற வசதியை யாரோ ஆன் பண்ணி வெச்சிருக்காங்க. போன பேரு போனதுதான். இப்ப ஆஃப் பண்ணிட்டேன். திருத்தத்தை எல்லாம் தள்ளிட்டு, ஃபைலை மறுபடி ரெண்டு பேருக்கும் அனுப்புங்க. இனிமே கை வெச்சா பேரோட மாட்டுவாங்க."

"மாட்டட்டும். அப்ப வெச்சுக்கறேன் கச்சேரி" என்று தாலாயை முறைத்தபடியே அனுப்பினார் அஸ்கத்.

சாயங்காலம் ஃபைல் திரும்பி வந்தது. அதே சிவப்புக் கோடு. அதே 'பெரியவர்'. ஆனால் இந்தத் தடவை ஒவ்வொன்றின் ஓரத்திலும் பெயர் பளிச்சென்று இருந்தது.

சல்கின்.

அஸ்கத் போனைப் போட்டார். "ஏய், உனக்கென்ன கிறுக்கா? எங்கப்பா பேரை ஏன் அழிச்சே?"

மனைவியின் குரல் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. "பின்னே? நாளைக்கு விருந்துல இதை நான்தானே படிக்கணும்னு சொன்னீங்க? மாமனார் பேரை மருமக சபையில சொல்றதா? வந்தவங்க காறித் துப்ப மாட்டாங்க?"

"அதெல்லாம் நம்ம வீட்டுல ஏதுடி?"

"ஏதா? கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அவர் பேரை நான் சொல்லி ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கீங்களா? காது எங்க இருந்துச்சு உங்களுக்கு?"

போன் வைக்கப்பட்டது. அஸ்கத் யோசித்தார். கேட்டதே இல்லை.

"என்னண்ணே, நான் நாளைக்கு வரலாமா?" என்றான் தாலாய்.

"வாடா, வந்து தொலை" என்றார் அஸ்கத், அவன் முகத்தைப் பார்க்காமல்.

எர்மெக் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. மலரின் முதல் வரியை, திருத்தத்தோடு சேர்த்து, சத்தமாகப் படித்தான்:

"மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்ற மூட வழக்கத்தை எங்கள் குடும்பத்திலிருந்து அடியோடு ஒழித்துக் கட்டிய மாமனிதர், பெரியவர் அவர்கள்!"