பன்னிரண்டாவது மூளை

“தலையை ஆட்டாதீங்க ஐயா, படம் கலைஞ்சிடும்!”

“ஆட்டலம்மா, சும்மா ஒரு பாட்டு எடுத்துப் பார்த்தேன். இந்தக் குழிக்குள்ள எதிரொலி பிரமாதமா வருது. எங்க தேவாலயத்துலகூட இப்படி வராது.”

ஸ்கேன் இயந்திரத்துக்குள் மல்லாந்து கிடந்த பரஸ்கெவாஸுக்கு அறுபத்திரண்டு வயது. தெசலோனிக்கி நகரத்தில் டாக்சி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமையானால் தேவாலயத்தில் பாடகர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர் அன்னெலீஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹாலந்திலிருந்து இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. நாற்பது நாள் இனிப்பைத் தொடாத மூளைக்குச் சர்க்கரை கிடைத்தால் அது துள்ளிக் குதிக்கும் என்பது அவள் கட்சி. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பில் ஊரே கேக் கடைப் பக்கம் எட்டிப் பார்க்காததைக் கவனித்திருந்தாள். ஆகவே, நோன்பைச் சுத்தமாகப் பிடிக்கிறவர்கள் வேண்டும் என்று தேவாலயத்தில் போய்க் கேட்டாள். பாதிரியாரே பன்னிரண்டு பேரைப் பொறுக்கி அனுப்பினார்.

பதினோரு மூளைகள் கொஞ்சமும் அசையவில்லை. இதுவும் அப்படியே போனால் ஆராய்ச்சியை இழுத்து மூட வேண்டியதுதான் என்று பேராசிரியர் காலையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“ஐயா, நிஜமாவே நோன்பு இருந்தீங்களா?”

“இதென்னம்மா கேள்வி! கறி தொடல. பால், முட்டை, வெண்ணெய் எதையும் தொடல. எங்க வீட்டுப் பூனையே என்னைப் பாத்துப் பரிதாபப்படுது. வேணும்னா ஃபாதரைக் கேட்டுப் பாரு!”

“கோவிச்சுக்காதீங்க. அந்தக் குழாயை வாயில வச்சுக்குங்க, ஆரம்பிக்கிறேன்.”

இயந்திரம் தடதடத்தது. குழாய் வழியாக அவர் நாக்கில் ஒரு முறை வெறும் தண்ணீர் சொட்டியது, ஒரு முறை சர்க்கரைத் தண்ணீர். அன்னெலீஸ் கண்கொட்டாமல் திரையைப் பார்த்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. சர்க்கரைக்கும் தண்ணீருக்கும் இம்மியளவு வித்தியாசம் இல்லை.

போச்சு, எல்லாம் போச்சு! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பரஸ்கெவாஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

“என்னம்மா முகம் இப்படித் தொங்கிப்போச்சு? உள்ள மூளை இருக்கா, இல்லையா?”

“இருக்கு ஐயா. ஆனா சர்க்கரையைச் சட்டையே பண்ண மாட்டேங்குது. தினமும் இனிப்பை வெளுத்துக் கட்டுறவங்களுக்குத்தான் இப்படி இருக்கணும். நோன்பு இருந்த உங்களுக்கும் அப்படியே இருந்தா, நான் சொன்னது தப்புன்னு அர்த்தம். அடுத்த வாரம் ஊருக்கு மூட்டை கட்டுறேன்.”

பரஸ்கெவாஸ் தலையைச் சொறிந்தார்.

“தினமும் இனிப்பு தின்னா அப்படித்தான் இருக்கும்னு நீயே சொல்றே. அப்புறம் எதுக்கும்மா அழறே?”

“என்னது?”

“எள்ளு அல்வால பாலா இருக்கு, முட்டையா இருக்கு? அது நோன்புப் பலகாரம்மா! ஃபாதரே எங்க பன்னிரண்டு பேருக்கும் தினமும் ஆளுக்குக் கால் கிலோ வெட்டிக் குடுக்கறார். அதுவும் இல்லேன்னா மனுஷன் நாப்பது நாளை எப்படித் தள்ளறது?”