பிரித்து ஒட்டிய உறை

"மறுபடியும் தெறக்கலியா?" பக்கத்து மேசை ஹசீனா எட்டிப் பார்த்தாள்.

சசிரேகா சட்டென்று திரையை மூடினாள். "ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரி சைட்டு. கண்ணு காட்டணும்."

"எல்லாம் மேனேஜர் வேலைக்கா. ஃபயர்வாலுன்னு புதுசா ஒரு பொட்டி வாங்கி வெச்சிகீறாரு இல்ல? நாம இன்னா பாக்கறோம், யாருக்கு இன்னா எழுதறோம், எல்லாத்தையும் பிரிச்சிப் படிச்சிக்கினு கீறாரு மனுஷன். பேஜார்!"

உத்திரமேரூர் கடைத்தெரு மாடியில், இன்சூரன்ஸ் பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் அலுவலகம் அது. மேனேஜர் சுந்தரவரதன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதனால் அவரைப் பற்றி எதையும் நம்ப முடிந்தது.

சசிரேகா மணியைப் பார்த்தாள். ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்திருந்தது. இன்று மாலைக்குள் அந்த சைட்டில் போய்ச் சம்மதம் சொல்லாவிட்டால், இடம் வேறு யாருக்கோ போய்விடும். அவளிடம் இருப்பதோ பட்டன் போன். வெளியே நெட் சென்டருக்குப் போனால் எல்லாம் தெரிந்த முகங்கள்.

கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் பையன் பார்த்தா. கூப்பிட்டதும் ஓடி வந்தான்.

"எந்திரிங்கக்கா, நான் பாக்கறேன்."

கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தான்.

"சைட்டு நல்லாதான் கீது. நம்ம பொட்டி, போற வர்ற ஒவ்வொண்ணையும் தபால் உறை மாதிரி பிரிச்சிப் பாத்துட்டு, மறுபடி ஒட்டி, ஆபீஸ் முத்திரை குத்தி அனுப்புது. மத்த சைட்டுக்காரங்க கண்டுக்கறதில்ல. இவங்க, முத்திரை மாறிக்கீதேன்னு கதவைச் சாத்திடறாங்க. இதை மட்டும் பிரிக்காம வுடச் சொன்னா தெறந்துடும். ஆனா மேனேஜர் சொல்லணும்."

மேனேஜர் அறையில் அவள் பார்த்தாவின் பின்னால் ஒடுங்கி நின்றாள். எந்த ஆஸ்பத்திரி, என்ன வியாதி என்று கேட்பார். ஊருக்கே தெரிந்துவிடும்.

பார்த்தா விஷயத்தைச் சொன்னபோதும் சுந்தரவரதன் தலை நிமிரவில்லை.

"ஆஸ்பத்திரியா?"

"ஆமா சார். எதுன்னா..." என்றான் பார்த்தா.

"எனக்கு எதுக்குப்பா அது? ஆஸ்பத்திரின்னு இருக்கற எதையும் பிரிக்கக் கூடாது. எல்லாத்தையும் விட்டுடு. வைரஸ் வரக் கூடாதுன்னுதான் அந்தப் பொட்டியை வாங்கினோம். அதோட பாஸ்வேர்டுகூட எனக்குத் தெரியாது. உன்கிட்டதானே இருக்கு."

இந்த மனிதரையா இத்தனை நாளாய்க் கரித்துக்கொட்டினோம் என்று அவளுக்குக் கூசியது.

பார்த்தா திரும்பி வந்து ஏதோ மாற்றினான். பக்கம் திறந்தது. அவள் பெயரும் தேதியும் மட்டும் இருந்தன. சசிரேகா சம்மதத்தை அழுத்தினாள். தேதி உறுதியானது.

"நல்லா இருப்பே, தம்பி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அய, அழாதீங்கக்கா. எங்க சித்திக்கும் மார்லதான் கட்டி வந்துது. எடுத்துட்டாங்க. இப்ப நடவுக்கே போய்க்கினு கீறாங்க."

அவள் கை மவுசின் மேல் அப்படியே நின்றது.

நேற்று இதே கம்ப்யூட்டரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மெயில் எழுதியிருந்தாள். அதில் எழுதியது தவிர, கட்டி எந்த இடத்தில் என்று அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

முந்தானையை இழுத்துத் தோளோடு போர்த்திக்கொண்டாள்.